ஈரம் ஏறாமல் தேன் எடுப்பது எப்படி?

சீசாவில் தேன் புளிப்பதற்கும், நுரை கட்டுவதற்கும், மூடியைத் திறந்ததும் பொங்குவதற்கும் காரணம் ஒன்றே: தண்ணீர். பூவிலிருந்து வரும் மதுவில் பெரும்பங்கு தண்ணீர்தான். தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, அடையின் சிறு அறைகளில் மெல்லிசாகப் பரப்பி, சிறகால் விசிறி வற்ற வைக்கின்றன. வற்றிய பிறகே மெழுகால் மூடுகின்றன. அதற்கு முன் அவசரப்பட்டு எடுத்தால் அது தேன் அல்ல, பாதி வெந்த பாகு.

உணவுத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான கோடெக்ஸ், தேனில் தண்ணீர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது (ஹீதர் பூத்தேனுக்கு மட்டும் 23). அதை நம்பி 19.8-ல் சீசாவை மூடுவது புத்திசாலித்தனம் அல்ல. தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட், 17 சதவீதத்துக்குக் கீழே வளர முடியாது. 18 வரை பெரும்பாலும் பயமில்லை. 19-க்கு மேல் போனால் எந்தச் சீசா எப்போது பொங்கும் என்று சொல்ல முடியாது.

எடுக்கலாமா என்று பார்ப்பது

பெட்டிக்குள் அடையைத் தாங்கும் மரச்சட்டத்தின் இரு பக்கமும் முக்கால் பங்குக்கு மேல் மெழுகால் மூடியிருக்க வேண்டும். மூடாத பகுதியைச் சோதிக்க, சட்டத்தைப் படுக்கைவாட்டில் பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கென்று ஒருமுறை உதறுங்கள். துளி தெறித்தால் இன்னும் மது. பெட்டியில் திரும்ப வைத்துவிடுங்கள். இளசான அடையை இப்படி உதறினால் பிய்ந்து விழும். அதில் இந்தச் சோதனை வேண்டாம்.

மூடியிருந்தாலே முற்றியது என்றும் எண்ண வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் மூடிய அடையிலும் 20-க்கு மேல் இருப்பதுண்டு. அதனால் ஒரு துளியில் ஒளி வளைவதை வைத்து ஈரத்தைக் காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குவது வீண்செலவு அல்ல. ஒரே அறையிலிருந்து எடுக்காமல், சட்டத்தின் நடுவிலும் ஓரத்திலும் மூடாத இடத்திலும் தொட்டுக் கலந்து ஒரு துளி வையுங்கள். காற்றுக்குமிழி இருந்தால் அளவு மங்கும். தேனுக்கான கருவியின் அளவுகோல் தண்ணீர் வரை இறங்காது. எனவே காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்துச் சரிபார்க்க முடியாது. கருவியோடு வரும் எண்ணெயையோ, 71–72 பிரிக்ஸ் (கருவியில் உள்ள சர்க்கரை அளவுகோல்) காட்டும் ஆலிவ் எண்ணெயையோ பயன்படுத்துங்கள். இன்னொரு குழப்பம்: பிரிக்ஸை நூறிலிருந்து கழித்தால் ஈரப்பதம் வராது. உண்மையான ஈரம் அதைவிட ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் குறைவு. தண்ணீர் சதவீதம் என்று தனியாக உள்ள கோட்டைப் படியுங்கள்.

பெட்டியிலிருந்து சட்டத்தை எடுப்பது

வெயில் ஏறி, வேலைக்காரத் தேனீக்கள் வெளியே போன நேரம் வசதி. புகை வாசலில் இரண்டு மூன்று ஊதல் போதும். மூடாத தேன்மேல் ஊதினால் வாசனை அப்படியே ஏறிவிடும். புழுவும் முட்டையும் உள்ள சட்டத்தைத் தொடாதீர்கள். புழுச்சாறு கலந்தால் தேன் கலங்கி, சீக்கிரம் கெடும். தேனீக்களைத் தாக்கும் உண்ணிக்கு மருந்து வைத்திருந்த காலத்தில் பெட்டியில் இருந்த தேன் சட்டங்களை, அந்த மருந்து அதை அனுமதித்தாலொழிய, உண்ண எடுக்கக் கூடாது. எடுத்த சட்டத்தை உடனே மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். திறந்து கிடந்தால் அக்கம்பக்கத்துத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

பிழிவது

அடையில் சூடு இருக்கும்போதே, அன்றே பிழியுங்கள். தேன் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிழியும் அறையின் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒன்றும் செய்யாமலே கெடும். சன்னலைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டுங்கள். அன்று தரையைக் கழுவ வேண்டாம். மெழுகு மூடியை அறுக்கும் கத்தியைச் சுடுதண்ணீரில் முக்குகிறோம் அல்லவா, பலர் அதைத் துடைக்காமலே அறுப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 18 சதவீத ஈரமுள்ள 10 கிலோ தேனில் 100 மில்லி தண்ணீர் சேர்ந்தால் அது 18.8 ஆகிவிடும். ஒவ்வொரு முக்கலுக்குப் பிறகும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பாத்திரமும் வடிகட்டியும் முந்தைய நாளே கழுவிக் காய்ந்திருக்கட்டும்.

சட்டங்களைச் சுழற்றித் தேனைப் பிழியும் இயந்திரத்தில் ஏறக்குறைய ஒரே எடையுள்ள சட்டங்களை எதிரெதிரே வையுங்கள்; இல்லையென்றால் ஆட்டம் காணும். முதலில் மெதுவாகச் சுற்றி ஒரு பக்கத்தைப் பாதி இறக்குங்கள். திருப்பி மறுபக்கத்தை முழுதும் எடுங்கள். பிறகு முதல் பக்கத்தை முடியுங்கள். ஒரே பக்கத்தை ஒரேயடியாக வேகமாகச் சுற்றினால் மறுபக்கத்துப் பாரம் அழுத்தி அடை உடையும்.

ஈரம் அதிகம் என்று தெரிந்தால் பிழியுமுன்பே சரிசெய்யுங்கள். எடுத்த சட்டங்கள் உள்ள பெட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கி, 30–35 டிகிரி சூட்டில் விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓடும் அறையில் ஓரிரவு வைத்தால் சற்றுக் குறையும். இது திருத்தம் மட்டுமே. முற்றாத மதுவை எடுத்து இயந்திரத்தால் வற்ற வைத்துத் தேன் என்று விற்பதை, உலகத் தேனீ வளர்ப்போர் கூட்டமைப்பான அபிமோண்டியா மோசடிப் பட்டியலில் வைத்திருக்கிறது.

வடித்து அடைப்பது

பெரிய கண் வலையிலும் சிறிய கண் வலையிலும் வடித்து, ஓரிரு நாள் மூடிய பாத்திரத்தில் தெளியவிடுங்கள். மேலே வரும் நுரையை அகற்றுங்கள். தேன் அமிலத் தன்மை கொண்டது, எனவே துத்தநாகம் பூசிய வாளி ஆகாது. துருப்பிடிக்காத எஃகோ கண்ணாடியோ வேண்டும். தேன் உறைவது கெட்டதன் அடையாளமல்ல, ஆனால் உறைந்த பிறகு மீதித் திரவத்தில் ஈரம் கூடி மேற்பரப்பு புளிக்கலாம். இளக்க 40 டிகிரி வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் காய்ச்சினால் நொதிகள் அழியும். சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் எச்எம்எப் என்னும் பொருள் கூடும். அதற்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்ப மண்டலத் தேனுக்கு 80.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியால் கொளுத்திப் பார்ப்பது எல்லாம் கெட்டியையும் ஈரத்தையும் மட்டுமே காட்டும், கலப்படத்தை அல்ல. 2023-ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வில் இறக்குமதித் தேன் 320 மாதிரிகளில் 46 சதவீதம் சந்தேகத்துக்கு உரியவை என்று வந்தது ஆய்வகக் கருவிகளால்தான். வாங்கினாலும் எடுத்தாலும், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. பொட்டுலிசம் என்னும் நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கலாம்.

பிழிந்த சட்டங்களை அந்தி சாய்ந்தபின் அந்தந்தப் பெட்டிக்கே திருப்பிக் கொடுங்கள். வெளியே திறந்து போட்டால் நோய் பரவும். புளித்துவிட்ட தேனைத் தேனீக்களுக்குத் தீவனமாகவும் வைக்காதீர்கள், அவற்றுக்கு வயிற்றுப்போக்கு வரும்.