பழைய எஸ்யூவி வாங்கியதும் செய்யக்கூடாத தவறுகள்

பழைய எஸ்யூவி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், கூரை கேரியர் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவோம். அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் கையிலிருக்கும் பணத்தை முதலில் அதில் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வண்டியை முதலில் பழைய ஆரோக்கியத்துக்குக் கொண்டுவாருங்கள், மாற்றங்கள் அப்புறம்.

இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "போன வருஷம்தான் மாத்தினேன்" என்று விற்றவர் சொன்னாலும், பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி குறைவாக ஓடியிருப்பது ஆறுதல் தராது. நின்ற இடத்திலேயே ரப்பருக்கு வயதாகும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், அதோடு இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரித்து மாட்டும் கூலி ஒன்றுதான்.

இன்ஜின் ஆயில் யாருக்கும் மறப்பதில்லை. முன், பின் டிஃபரென்ஷியல்களும் (அச்சின் நடுவில் இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி) டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிரும் பெட்டி)தான் கவனிப்பாரற்றுக் கிடக்கும். அவற்றின் ஆயிலை இறக்கும்போது நிறத்தைப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு வராமல் சீல்களையும், காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் சோதிக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலும் அப்படித்தான். காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதற்கோ 155 டிகிரி இருந்தாலே போதும். ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. கனமான வண்டி நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது அந்த வித்தியாசம் உயிர் போகும் விஷயம். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை, அதாவது தேவைப்படும்போது மட்டும் லீவர் போட்டு நான்கு சக்கரமும் இழுக்க வைக்கும் வண்டியை, காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் நிலையில் ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றுகின்றன. இரண்டு அச்சுகளும் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் கியர்களும் ஷாஃப்ட்களும் முறுக்கிக்கொள்ளும். அதற்காக லீவரைத் தொடாமலேயே விடுவதும் தவறுதான், இணைப்பு இறுகிப்போகும். மாதம் ஒருமுறை மண் பாதையில் சிறிது தூரம் போட்டு ஓட்டுங்கள்.

சரி, இப்போது டயருக்கு வரலாம். விட்டம் 10 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 110. இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், முழுதாகத் திருப்பினால் டயர் உரசவும் செய்யலாம். நிறுவனம் அனுமதித்த அளவுகளுக்குள் நிற்பதே என் யோசனை. டயர் பட்டன்களின் (தரையைப் பிடிக்கும் மேடுகளின்) ஆழத்தோடு பக்கச்சுவரிலுள்ள 4 இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் தேய்ந்த இரண்டோடு புதிய இரண்டைச் சேர்ப்பதும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுக்கும்.

ஹெட்லைட்டுக்கு அதிக வாட் பல்பு போடுபவர்கள் தனி ரிலேயும் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் இடை சுவிட்ச்) தடித்த வயரும் இல்லாமல் போடக்கூடாது. பழைய சுவிட்சும் வயரும் உருகிவிடும். கூரை கேரியருக்கு, கையேட்டிலுள்ள எடை வரம்பில் கேரியரின் சொந்த எடையையும் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஏற்றுங்கள்.