முட்டிவலிக்குக் காரணம் கணுக்கால்

ஸ்குவாட் (எடையோடு குந்தி எழும் பயிற்சி) போட்டு எழும்போதெல்லாம் வலது முட்டியில் சிரட்டைக்குக் கீழே ஒரு குத்தல். நாகர்கோவிலில் ஜிம்முக்குப் போக ஆரம்பித்த 3ஆவது வாரத்தில் தொடங்கியது. தூக்கும் எடையைக் குறைத்தேன், முட்டிக்கு உறை (knee cap) போட்டேன், வலித் தைலம் தேய்த்தேன், 10 நாள் ஓய்வும் எடுத்தேன். திரும்பப் போனால் அதே இடத்தில் அதே குத்தல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

புதிதாக வந்த டிரெய்னர் முட்டியைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து என் பாதத்தையே பார்த்தார். "அண்ணே, கீழ போகும்போது வலது குதிகால் தூக்குது, பாத்தீங்களா?" கண்ணாடியில் முன்பக்கமாகப் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் சுவரோரம் நிற்கவைத்தார். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். இடது பெருவிரல் சுவரிலிருந்து 11 செ.மீ. தள்ளி இருந்தும் முட்டி தொட்டது. வலது 5 செ.மீ.தான். மருந்துவாழ் மலை இறங்கும்போது எப்போதோ பிசகிய கணுக்கால். வலி போனதும் மறந்துவிட்டேன். அது மடங்காததால் பாரம் முழுக்க முட்டிக்கு ஏறியிருக்கிறது.

தினமும் அதே சுவர்ப் பயிற்சி, காலுக்கு 15 தடவை. கூடவே கெண்டைக்கால் ஸ்ட்ரெச். கணுக்கால் நன்றாக மடங்கும்வரை குதிகாலுக்கு அடியில் சின்ன எடை பிளேட் வைத்துத்தான் ஸ்குவாட். பிளேட் வைத்த அன்றே குத்தல் பாதியாகக் குறைந்தது. 5 வாரத்தில் வலது 9 செ.மீ. வந்தது, பிளேட்டை எடுத்துவிட்டேன். இப்போது வலி இல்லை, பெரிய நிம்மதி.

முட்டி வீங்கியிருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் போங்கள். டிரெய்னரும் வீக்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்.