குட்டீஸோட சேர்ந்து காய்கறித் தோட்டம்: நாங்க பண்ண தப்பெல்லாம் நீங்களும் பண்ணாதீங்க

வீட்ல ரெண்டு வாண்டு. பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு ரெண்டரை. இவங்கள வச்சுக்கிட்டு காய்கறித் தோட்டம் போடலாம்னு ஆரம்பிச்சப்ப என் மனசுல ஓடுனது ஏதோ விளம்பரப் படம் மாதிரி, பசங்க சிரிச்சுக்கிட்டே தண்ணி ஊத்துவாங்க, கூடை நிறைய காய் பறிப்பாங்க, அப்புறம் சமத்தா சாப்பிடுவாங்கன்னு. நிஜத்துல முதல் வாரமே பெரியவ தக்காளி நாத்தை ஒண்ணு விடாம புடுங்கி வேர் எவ்ளோ வளந்திருக்குன்னு பாத்துட்டு, மறுபடி பத்திரமா நட்டு வச்சிருந்தா. தலைகீழா!

கோவம் வந்துச்சு, மறைக்கல. ஆனா யோசிச்சா தப்பு அவ மேல இல்ல. தக்காளி நாத்து நட்டு காய் பழுக்க ரெண்டு மாசத்துல இருந்து ரெண்டரை மாசம் ஆகும். மிளகாய் விதை முளைக்கவே ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும், சில சமயம் அதுக்கும் மேல. அஞ்சு வயசு குழந்தைக்கு நாளைக்குங்கிறதே ரொம்ப தூரம், அதுகிட்ட போய் ரெண்டு மாசம் பொறுடான்னா அது என்ன பண்ணும், புடுங்கித்தான் பாக்கும். நாங்க பண்ண முதல் பெரிய தப்பு இதுதான், எங்களுக்கு எந்தக் காய் வேணுமோ அதையே பசங்க கையிலயும் குடுத்தது. கேரட் இன்னும் மோசம், முளைக்க ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள மண்ணு ஒரு நாள் காஞ்சாக்கூட வராது, வந்தாலும் மண்ணுக்கு அடியில என்ன நடக்குதுன்னு தெரியாது. பசங்களோட ஆரம்பிக்க கீரையும் முள்ளங்கியும்தான் சரி. ரெண்டுமே மூணு நாலு நாள்ல தலைய நீட்டிடும். சிறுகீரை மாதிரி வகையெல்லாம் 25-30 நாள்ல பறிக்கலாம், குட்டி உருண்டை முள்ளங்கியும் கிட்டத்தட்ட அதே கணக்கு, நீள வெள்ளை முள்ளங்கின்னா ஒன்றரை மாசம் வரைக்கும் விடணும். அடுத்து வெண்டை, பீன்ஸ், காராமணி. விதை பெருசு, சின்ன விரல்ல பிடிக்க வசதி. வெண்டை 45-50 நாள்ல காய்க்க ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பறிக்கலைன்னா நார் நாரா முத்திடும், அதனால பசங்களுக்கு எப்பவும் ஒரு வேலை இருந்துக்கிட்டே இருக்கும். தக்காளிய நீங்க உங்களுக்குன்னு ஓரமா போட்டுக்கோங்க, யார் வேணாம்னா.

புடுங்கிப் பாக்குற பழக்கத்துக்கு திட்டிப் பாத்தேன், வேலைக்கு ஆகல. கடைசில ஒரு கண்ணாடி பாட்டில்ல ஈரமான டிஷ்யூ பேப்பரை சுருட்டி வச்சு, கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவுல நாலு பீன்ஸ் விதைய சொருகி சமையலறை ஜன்னல்ல வச்சுட்டேன். ரெண்டு மூணு நாள்ல வேர் வெளிய வந்துச்சு, அப்புறம் தண்டு வளைஞ்சு எழுந்து வந்துச்சு, எல்லாம் கண்ணு முன்னாடியே. அதுக்கப்புறம் தொட்டில கை வைக்கிறது தானாவே நின்னு போச்சு. அவ புடுங்குனது நாசம் பண்ண இல்ல, உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கத்தான். இது புரிய எனக்கு எட்டு நாத்து செலவாச்சு.

விதைக்கிறதுலயும் கொஞ்சம் கவனம் வேணும். கீரை விதை கடுகை விடப் பொடி, பாக்கெட்ட குழந்தை கையில குடுத்தா மொத்தமும் ஒரே இடத்துல கொட்டும், அப்புறம் அங்க புல்லு மாதிரி அடர்த்தியா முளைச்சு ஒண்ணுமே உருப்படாது. ஒரு ஸ்பூன் விதைக்கு பத்து ஸ்பூன் மணல்னு கலந்து குடுங்க, எப்படித் தூவுனாலும் ஓரளவு பரவலா விழும். வெண்டை மாதிரி பெரிய விதைன்னா பசங்க முழு விரலையும் விட்டு அடி ஆழத்துக்கு அமுக்கிடுவாங்க. விதையோட கனத்தைப் போல ரெண்டு மூணு மடங்கு ஆழம் போதும். நான் ஒரு குச்சில கோடு போட்டுக் குடுத்தேன், கோடு வரைக்கும் மட்டும் குத்தணும்னு. அது நல்லா வேலை செஞ்சுது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், விதை பாக்கெட்ட பிரிச்சா சில விதை ரோஸ் கலர்லயோ நீலமாவோ பளபளன்னு இருக்கும் பாத்திருக்கீங்களா, அது அழகுக்கு இல்ல, பூஞ்சாண மருந்து பூசுனதுக்கு அடையாளமாத்தான் பெரும்பாலும் அந்தக் கலர். ரெண்டரை வயசுக் குழந்தை கண்ணுக்கு அது மிட்டாய். மருந்து பூசாத விதையா பாத்து வாங்குங்க, இல்லன்னா அந்த விதைய நீங்க மட்டும் கைல எடுங்க.

இப்ப தண்ணிக்கு வரேன். எங்க வீட்ல செத்த செடில முக்காவாசி தண்ணி ஊத்தாம செத்தது இல்ல, ஊத்தி ஊத்திச் செத்தது. வேருக்கு காத்தும் வேணும், மண்ணு எப்பவும் சொதசொதன்னு இருந்தா வேர் மூச்சு முட்டி அழுகும். சின்ன நாத்துன்னா தண்டு மண்ணைத் தொடுற இடத்துலயே பூஞ்சாணம் புடிச்சு ஒரே ராத்திரில படுத்துடும். இதையெல்லாம் குழந்தைகிட்ட சொல்லி தண்ணி ஊத்தாதன்னா கேக்குமா? அதுங்களுக்கு தோட்டம்னாலே தண்ணிதான். நான் பண்ணது என்னன்னா வெறும் மணல் மட்டும் நிரப்பின ஒரு தொட்டிய சின்னவனுக்குன்னு ஒதுக்கிட்டேன், அடியில நாலு ஓட்டை, எவ்ளோ வேணா ஊத்திக்கோடா. பெரியவளுக்கு வேற ரூல், விரலை முதல் கணு வரைக்கும் மண்ணுல விட்டுப் பாக்கணும், ஈரமா இருந்தா அன்னிக்கு அந்தத் தொட்டிக்கு லீவு. இப்ப அவ என்னையே கேக்குறா, அம்மா நீ விரல் வச்சுப் பாத்தியான்னு.

ஆனா தண்ணி விஷயத்துல விளையாட்டா சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கு. செடிக்கு ஊத்தலாம்னு பக்கெட்ல, டிரம்ல தண்ணி புடிச்சு வச்சிடுறோம். நடக்க ஆரம்பிச்ச குழந்தைக்கு உடம்பு அளவுக்கு தலை கனம் ஜாஸ்தி, பக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்து தலைகுப்புற விழுந்தா தானா எழுந்து வர முடியாது, ரெண்டு மூணு அங்குல தண்ணியே போதும் மூழ்கறதுக்கு. சத்தமும் வராது. அதனால வேலை முடிஞ்சதும் பக்கெட்ட கவுத்து வைங்க, டிரம்முக்கு குழந்தை தூக்க முடியாத மூடி போடுங்க, போன் அடிச்சுதுன்னு ஒரு நிமிஷம்கூட பசங்கள தண்ணி பக்கத்துல விட்டுட்டு உள்ள போகாதீங்க. தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டுல நிக்குற தண்ணியையும் வாரம் ஒரு தடவையாவது கொட்டி, தட்டைத் தேச்சுக் கழுவிடுங்க, முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். டெங்கு பரப்புற கொசுவுக்கு இந்த மாதிரி கொஞ்சூண்டு தண்ணியே போதும், முட்டைல இருந்து கொசுவா வர ஒரு வாரம் பத்து நாள்தான்.

இயற்கை தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறது இன்னொரு தப்பு. வேப்ப எண்ணெயும் இயற்கைதான், ஆனா சின்னக் குழந்தை அதைக் குடிச்சா வாந்தி, வலிப்பு வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பூச்சிக்கு கலக்குன எதையும் ஜூஸ் பாட்டில், தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க, மேல பேர் எழுதி ஒட்டுனா போதும்னு நினைக்காதீங்க, எழுத்து படிக்கத் தெரியாதவங்க கைலதான் அது முதல்ல மாட்டும். அன்னன்னிக்கு வேணுங்கிற அளவு மட்டும் கலக்குங்க, மீதியெல்லாம் பூட்டி வைங்க. தப்பித் தவறி குடிச்சிட்டா வீட்டு வைத்தியம் பண்ணி வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. செடிலயும் எல்லாமே வாயில வைக்கிற ரகம் இல்ல. தக்காளிக் காய சாப்பிடலாம், இலைய சாப்பிடக் கூடாது. அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி இதெல்லாம் வேலி ஓரத்துல இருந்தா தோட்டம் போடறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, குன்றிமணி சிவப்பும் கறுப்புமா பாக்க அவ்ளோ அழகு, அதுதான் பிரச்சினையே. எங்க வீட்ல சட்டம் ஒண்ணே ஒண்ணுதான், எதையும் வாயில வைக்கிறதுக்கு முன்னாடி பெரியவங்ககிட்ட காட்டணும்.

மிளகாய்ச் செடிய பசங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. ஒரு தடவை சின்னவன் பழுத்த மிளகாய நசுக்கிட்டு கண்ணைக் கசக்கிட்டான், அன்னிக்கு தெரு முழுக்க எங்க வீட்டுச் சத்தம்தான். அந்தக் காரம் வெறும் தண்ணில கரையாது, கைய முதல்ல எண்ணெய் தடவித் துடைச்சுட்டு சோப்பு போட்டுக் கழுவணும், கண்ணுக்கு மட்டும் நிறைய சுத்தமான தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருக்கணும்.

உரத்துல, மக்காத பச்சைச் சாணிய பசங்க புழங்குற தொட்டில போடாதீங்க, கிருமி அப்படியே இருக்கும். நல்லா மக்குன உரம்னா பொடிப் பொடியா மண் வாசனையா இருக்கும். மண்ணைத் தொடற காய், கீரை, முள்ளங்கிக்கு பச்சை எரு போட்டா அறுவடைக்கு முன்னாடி 120 நாளாவது இடைவெளி விடணும்னு ஒரு கணக்கு உண்டு, கீரையோட ஆயுசே ஒரு மாசம்தாங்கிறப்ப அதுக்கு பச்சை எரு போடறதுல அர்த்தமே இல்ல. பூனை மலம் இருக்கற மண்ணுன்னா மேல் மண்ணை எடுத்துடுங்க. காலுக்குச் செருப்பு, முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவறது, டெட்டனஸ் ஊசி அட்டவணைப்படி போட்டாச்சான்னு பாக்கறது, அவ்ளோதான். இதுக்கு பயந்து மண்ணையே தொடாதன்னு சொல்லிடாதீங்க.

பூ பறிக்கிற பிரச்சினை எல்லார் வீட்லயும் இருக்கும். எங்க பூசணிக் கொடில வந்த பூவெல்லாம் காலையில எழுந்து பாத்தா ஃப்ரிட்ஜ் மேல கிண்ணத்துல. அப்பதான் அவள கூட்டிட்டுப் போய் காட்டுனேன், காம்புக்கும் பூவுக்கும் நடுவுல குட்டியா உருண்டையா காய் மாதிரி இருந்தா அது பெண் பூ, தொடக் கூடாது, வெறும் காம்பு மட்டும் இருந்தா ஆண் பூ. ஆண் பூதான் முதல்ல வரும், நிறையவும் வரும், அதுல ஒண்ணைப் பறிச்சு இதழையெல்லாம் பிச்சுட்டு நடுவுல இருக்க மகரந்தத்தை பெண் பூவுக்குள்ள லேசா தடவு, காய் புடிக்கும்னேன். பூசணிக்கு இந்த வேலைய காலையில சீக்கிரம் பண்ணணும், சுரைக்கும் பீர்க்குக்கும் பூ சாயங்காலம் விரியும், அதனால அப்ப. இப்ப அவதான் எங்க வீட்டு வண்டு. காய் புடிச்சா நான் புடிக்க வச்ச காய்னு எல்லார்கிட்டயும் சொல்றா.

நான் ரொம்ப நாள் கவனிக்காத தப்பு ஒண்ணு சொல்றேன். பசங்க தூங்குனதும் போய் அவங்க நட்டதையெல்லாம் ஒழுங்கு பண்ணுவேன், கோணலா இருக்கறத நேராக்குவேன், நெருக்கமா இருக்கறத இடம் மாத்துவேன். ஒரு நாள் காலையில பெரியவ தொட்டி முன்னாடி நின்னுக்கிட்டு, "அம்மா, நான் நட்டத ஏன் எடுத்த?"ன்னா. பதில் இல்ல என்கிட்ட. அன்னையில இருந்து ஆளுக்கு ஒரு தொட்டி, அதுல என்ன கோணலா வந்தாலும் நான் கை வைக்கறதில்ல. எனக்கு அது ரொம்ப கஷ்டமாத்தான் இருக்கு, இப்பவும் அந்தப் பக்கம் போறப்ப கை பரபரங்கும்.

தொட்டி எண்ணிக்கையும் ஆசைப்பட்டு ஏத்தாதீங்க. ஒரே வாரத்துல பதினெட்டு தொட்டி வச்சேன், ஒரு குழந்தைக்கு காய்ச்சல் வந்தா போதும், பதினெட்டும் காஞ்சிடும். நாலஞ்சு தொட்டி, ஆறு மணி நேரமாவது வெயில் விழற இடம், பல்லு தேச்சு முடிச்சதும் பத்து நிமிஷம். அவ்ளோதான் எங்களால முடியுது.

சாப்பாட்டு விஷயம். தானே வளத்த காய குழந்தை கண்டிப்பா சாப்பிடும்னு நம்பி, நீதானே வளத்த சாப்புடுன்னு தட்டுல வச்சு மல்லுக்கட்டாதீங்க. புதுசா ஒரு காய் நாக்குக்குப் பழக பத்து தடவைக்கு மேலகூட ஆகலாம். என் பொண்ணு அவ முள்ளங்கிய பெருமையா கடிச்சா, அடுத்த செகண்ட் துப்பிட்டா. சரி விடுன்னுட்டேன். செடில இருந்து பறிச்ச பிஞ்சு வெண்டைய கழுவிக் குடுத்தா பச்சையாவே கடிக்கிறா, தட்டுல வந்தா தொடமாட்டா. என்ன லாஜிக்கோ.

செத்த செடிய மறைக்கிறது, இதையும் பண்ணேன். அவளோட கத்திரிச் செடி ஒண்ணு வாடிப் போச்சு, அழுவாளேன்னு ராத்திரியே அதே உயரத்துல வேற நாத்தை வாங்கி வச்சுட்டேன். காலையில பாத்துட்டு கேட்டா, "இலைல பூச்சி கடிச்ச ஓட்டை இருந்துச்சே, அது எங்க?" மாட்டிக்கிட்டேன். உண்மைய சொன்னேன், அழுதா, பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் பழைய செடிய எடுத்துட்டு வரச் சொல்லி வேரைப் பாக்கணும்னா, பாத்தோம், பழுப்பா கொழகொழன்னு இருந்துச்சு, அழுகுன வாசனை. தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டோம்லன்னு அவளே சொன்னா. ரெண்டு பேரும் சேர்ந்து தூர இருக்க மக்குக் குழில அதைப் போட்டு காஞ்ச இலைய மேல மூடுனோம். இப்ப தினமும் காலையில குச்சிய விட்டுக் கிளறிப் பாக்குறா, அது மண்ணாயிடுச்சான்னு. அதுக்கும் ரெண்டு மூணு மாசம் ஆகும்னு நான் இன்னும் சொல்லல.