சிடில அந்த எச்யு நம்பர் எங்கருந்து வருது, எப்போ நம்பலாம்? முதல் வருஷ ரேடியாலஜி பிஜிகளுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

ஃபிசிக்ஸ்னாலே எக்ஸாமுக்கு முந்தின வாரம் பாத்துக்கலாம்னு ஓரமா வச்சிடறது ரேடியாலஜில ரொம்ப நாளா நடக்கறதுதான். ஆனா ரிப்போர்ட்ல மட்டும் "பிளெயின் ஸ்கேன்ல 8 எச்யு, அடினோமாவா இருக்கலாம்"னு (கான்ட்ராஸ்ட் குடுக்காம எடுத்த ஸ்கேன், புற்று இல்லாத கட்டி) தினமும் எழுதறோம், அந்த 8 எங்கருந்து வந்துச்சு, அது ஏன் 18 இல்ல, அடுத்த மிஷின்ல போட்டாலும் 8 தான் வருமான்னு யாராவது கேட்டா அங்கதான் முழிக்கறோம். அதனால இந்த போஸ்ட்ல ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட், அதாவது எச்யு (சிடி படத்துல ஒரு இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்குதுன்னு சொல்ற நம்பர்), அந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கலாம். எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் பக்கமெல்லாம் போகல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பிளெயின் பிரெயின் சிடி, ஒரு அப்டமன் சிடி ரெண்டையும் திறந்து வச்சுக்கங்க. டிபார்ட்மென்ட் பாக்ஸ்ல (ஸ்கேன் படமெல்லாம் சேத்து வைக்கற சிஸ்டம்) திறந்தாலும் சரி, பேஷன்ட் விவரம் எல்லாம் நீக்கின ஸ்டடிய ரேடியன்ட், ஹோரோஸ் மாதிரி வியூவர்ல போட்டாலும் சரி. மவுஸ் கைல இருக்கணும், சும்மா படிச்சுட்டுப் போனா மண்டைல நிக்காது.

ஸ்டெப் 1: மொதல்ல மியூவைப் புரிஞ்சுக்கங்க

எக்ஸ்ரே ஒரு பொருளுக்குள்ள போகப் போக ஃபோட்டான் குறைஞ்சுக்கிட்டே வரும், எப்படிக் குறையும்னா ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மிச்சம் இருக்கறதுல ஒரே விகிதத்துல குறையும். அந்த விகிதத்துக்குப் பேர்தான் லீனியர் அட்டென்யுவேஷன் கோஎஃபிஷியன்ட், சுருக்கமா மியூ. சிடில வழக்கமா ஓடற எனர்ஜி ரேஞ்சுல தண்ணிக்கு மியூ சென்டிமீட்டருக்கு சுமார் 0.19னு வச்சுக்கங்க. கணக்குப் போட்டா 3.6 சென்டிமீட்டர் தண்ணி தாண்டினாலே பாதி ஃபோட்டான் காலி, 10 சென்டிமீட்டர் தாண்டினா 15 சதவீதம் மிச்சம், 20னா 2 சதவீதம், 30 சென்டிமீட்டர்னா 0.3 சதவீதம்தான் அந்தப் பக்கம் டிடெக்டருக்கே வந்து சேருது. பருமனான பேஷன்ட்டோட அப்டமன் ஏன் மணல் தூவின மாதிரி வருதுன்னு இனிமே கேக்கவே வேண்டாம்.

சரி, ஏன் குறையுது? நமக்கு வேண்டியது ரெண்டு காரணம். ஒண்ணு ஃபோட்டோஎலக்ட்ரிக், இது அணு எண்ணோட க்யூப் அளவுக்கு ஏறும், எனர்ஜி ஏற ஏற அதே க்யூப் கணக்குல இறங்கும். கால்சியம் 20, அயோடின் 53, அதனால எலும்பும் கான்ட்ராஸ்ட்டும் பளிச்சுனு தெரியறதுக்கு இதுதான் முக்கியக் காரணம். இன்னொண்ணு காம்ப்டன், இது எலக்ட்ரான் எவ்வளவு நெருக்கமா இருக்குங்கறதைப் பொறுத்தது, சாஃப்ட் டிஷ்யூல சிடி எனர்ஜில நடக்கறது பெரும்பாலும் இதுதான். லிவர், ஸ்ப்ளீன், தசை எல்லாம் சிடில ஏன் இவ்வளவு பக்கத்துப் பக்கத்து நம்பரா வருதுன்னா, அதுங்களோட அடர்த்தி அவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கு, அவ்வளவுதான்.

ஸ்டெப் 2: மியூ எப்படி எச்யு ஆகுதுன்னு ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க

டிடெக்டருக்கு உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது, ஒரு கோட்டுல எவ்வளவு குறைஞ்சுதுங்கற மொத்தக் கணக்கு மட்டும்தான் தெரியும். பல கோணத்துல எடுத்த மொத்தங்களை வச்சு உள்ள ஒவ்வொரு புள்ளியோட மதிப்பையும் கண்டுபிடிக்க முடியும்னு ராடான் 1917லயே கணிதமா எழுதி வச்சுட்டார். அது தெரியாமலே ஆலன் கார்மாக் தனியா அதே கணக்கைப் போட்டு 1963, 1964ல பேப்பர் எழுதினார், அவருக்குத் தேவைப்பட்டது ரேடியோதெரபி டோஸ் கணக்குக்கு. அப்புறம் ஈஎம்ஐ கம்பெனில இருந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் மிஷினாவே செஞ்சு, 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரில முதல் பேஷன்ட்டோட தலைய ஸ்கேன் பண்ணினாங்க. 80க்கு 80 மேட்ரிக்ஸ், தலையச் சுத்தி தண்ணிப் பை வேற. 1979ல ரெண்டு பேருக்கும் சேத்து நோபல் குடுத்தாங்க.

இப்போ ஃபார்முலா. ஒரு வாக்ஸலோட (படத்தோட ஒரு குட்டிப் பெட்டி, ஸ்லைஸ் தடிமனோட சேத்து) மியூல இருந்து தண்ணியோட மியூவைக் கழிங்க, வந்ததை தண்ணியோட மியூவால வகுங்க, 1000ஆல பெருக்குங்க. முடிஞ்சுது.

வாக்ஸல் மியூ 0.20, தண்ணி 0.19னா வித்தியாசம் 0.01, வகுத்துப் பெருக்கினா 53 எச்யு, லிவர் கிட்ட வந்துடுச்சு. மியூ 0.171னா மைனஸ் 100, அது கொழுப்பு. காத்துக்கு மியூ கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால மைனஸ் 1000. இதுல கவனிக்க வேண்டியது, 1 எச்யுன்னா தண்ணியோட மியூல வெறும் 0.1 சதவீத வித்தியாசம். மூளைல கிரே மேட்டர் 35ல இருந்து 45, ஒயிட் மேட்டர் 20ல இருந்து 30, ரெண்டுக்கும் நடுவுல சுமார் 10 எச்யு, அதாவது ஒரே ஒரு சதவீதம். சாதா எக்ஸ்ரேல இது தெரியவே தெரியாது. சிடி வந்ததும் நியூரோ ஆளுங்க ஏன் ஆடிப் போனாங்கன்னு இப்போ புரியும்.

ஸ்டெப் 3: ஆர்ஓஐ, அதாவது எச்யு அளக்கற வட்டம், வைங்க

அப்டமன் சிடிய எடுங்க. யூரினரி பிளாடர்ல ஒரு வட்டம், கான்ட்ராஸ்ட் இன்னும் இறங்காத ஸ்கேனா இருக்கணும். 0க்குப் பக்கத்துல ஏதோ ஒண்ணு வரும். தோலுக்கு அடில கொழுப்புல ஒண்ணு, மைனஸ் 100 சுத்தி. லிவர்ல வெசல் இல்லாத இடமாப் பாத்து ஒண்ணு, ஸ்ப்ளீன்ல ஒண்ணு. பிளெயின்ல லிவர் 40க்குக் கீழ இருந்தாலோ, ஸ்ப்ளீனை விட 10 குறைஞ்சு இருந்தாலோ ஃபேட்டி லிவர்னு யோசிக்கலாம்.

வட்டத்துக்குப் பக்கத்துல மீன் மட்டும் பாத்துட்டுப் போயிடாதீங்க, கூடவே ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு ஒண்ணு வரும், அதைப் பாக்கற பழக்கம் முதல் வருஷத்துலயே வந்துடணும்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஒரே மாதிரி இருக்கற இடத்துல அது நாய்ஸோட அளவு. இப்போ வட்டத்தை ரொம்பச் சின்னதாக்கி அதே லிவர்ல அங்கங்க நகத்திப் பாருங்க, 48, 61, 55னு தாவும். லிவர் மாறல, நாய்ஸ் ஆடுது. அதனால லீஷன்ல (சந்தேகப்படற கட்டி அல்லது புண்) பாதிக்கு மேல, முக்கால்வாசிக்குள்ள வர்ற மாதிரி வட்டம் போடணும், ஓரத்தைத் தொடக்கூடாது.

நாய்ஸ் ஃபோட்டான் எண்ணிக்கையோட ஸ்கொயர் ரூட் கணக்குல போகும். எம்ஏஎஸ்ஸை (ட்யூப் கரன்ட்டையும் நேரத்தையும் பெருக்கினது) நாலு மடங்கு ஏத்தினாதான் நாய்ஸ் பாதியாகும், டோஸும் நாலு மடங்கு ஏறிடும். அதே மாதிரி 5 எம்எம் ஸ்லைஸை 1.25 எம்எம்மா வெட்டினா ஒரு வாக்ஸலுக்குக் கால்வாசி ஃபோட்டான், நாய்ஸ் ரெண்டு மடங்கு. லங் கெர்னல்ல (கெர்னல்னா படத்தை உருவாக்கறப்போ போடற ஃபில்டர்) ரீகன், அதாவது ரீகன்ஸ்ட்ரக்ட் பண்ணின படத்துல எச்யு அளக்கவே அளக்காதீங்க, ஓரத்தை ஷார்ப் பண்றதுக்காக அது நாய்ஸையும் சேத்து ஏத்தி விட்டிருக்கும்.

ஸ்டெப் 4: விண்டோவை நீங்களே திருப்புங்க

ப்ரீசெட் ஷார்ட்கட் கீயை மட்டும் மனப்பாடம் பண்றது போதாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சிடி ஒரு பிக்ஸலுக்கு 12 பிட், அதாவது 4096 நம்பர் வச்சிருக்கு, சாதாரண மானிட்டர் காட்டறது 256 சாம்பல் ஷேட். 4096ஐயும் அப்படியே நெரிச்சுக் காட்டினா ஒரு ஷேட்டுக்கு 16 எச்யு, அப்போ 10 எச்யு வித்தியாசம் இருக்கற கிரே ஒயிட் ரெண்டும் ஒரே கலர்ல உக்காந்துடும். அதான் விண்டோ. பிரெயினுக்கு விட்த் (காட்டற ரேஞ்சோட அகலம்) 80, லெவல் (அதோட நடு மதிப்பு) 40 வச்சா 0ல இருந்து 80 வரைக்கும்தான் காட்டும், 256 ஷேட்டும் அந்த 80க்குள்ள பங்கு போடப்படும்.

ஆனா 80க்கு மேல இருக்கற எல்லாமே ஒரே வெள்ளை. உறைஞ்ச புது ரத்தம் 60ல இருந்து 80, பக்கத்துல மண்டை ஓடு 1000 பக்கம். எலும்பை ஒட்டின மெல்லிசான சப்ட்யூரல் ரத்தக்கட்டு அந்த வெள்ளைல கலந்து காணாமப் போயிடும். இப்போ உங்க பிரெயின் கேஸ்ல விட்த்தை 200, லெவலை 80 ஆக்குங்க, மைனஸ் 20ல இருந்து 180 வரைக்கும் வரும், எலும்பு வெள்ளையாவே இருக்கும், ரத்தம் சாம்பலா இறங்கி எலும்புல இருந்து பிரிஞ்சு நிக்கும். ஹெட் இன்ஜுரி கேஸ்னா இதைப் பாக்காம ரிப்போர்ட் சைன் பண்ணக் கூடாது.

அப்டமன்லயும் இதே கதைதான். விட்த் 400, லெவல் 40னா மைனஸ் 160 வரைக்கும்தான், கொழுப்பு மைனஸ் 100ல கிட்டத்தட்ட கறுப்பு, காத்து முழுக் கறுப்பு. பெர்ஃபரேஷன், அதாவது குடல்ல ஓட்டை விழுந்த கேஸ்ல கொழுப்புக்கு நடுவுல சின்னக் காத்துக் குமிழ் இருந்தா கண்ணுக்கு மாட்டாது. லங் விண்டோ, விட்த் 1500 லெவல் மைனஸ் 600 போடுங்க, கொழுப்பு வெளுத்துடும், காத்து மட்டும் கறுப்பா நிக்கும்.

ஸ்டெப் 5: நம்பர் பொய் சொல்ற இடங்களைத் தெரிஞ்சுக்கங்க

இதுதான் போஸ்ட்டோட முக்கியமான பகுதி, டீ குடிக்கணும்னா குடிச்சுட்டு வந்துடுங்க.

முதல் பொய், பார்ஷியல் வால்யூம். வாக்ஸலுக்குள்ள என்னென்ன இருக்கோ எல்லாத்தோட சராசரிதான் நம்பரா வரும், பாலும் டிகாஷனும் கலந்த டம்ளரைப் பாத்து டிகாஷன் எவ்வளவு திக்குன்னு சொல்ல முடியுமா, அந்த மாதிரி. கிட்னில 2 எம்எம் கால்சியம் கல்லு, உண்மையான மதிப்பு 900 எச்யுன்னு வைங்க, சுத்தி 30. 5 எம்எம் ஸ்லைஸ்ல பாத்தா 900ல அஞ்சுல ரெண்டு பங்கு 360, 30ல அஞ்சுல மூணு பங்கு 18, மொத்தம் 378. அதைப் பாத்து யூரிக் ஆசிட் கல்லுன்னு எழுதினா அந்த பேஷன்ட் தேவையே இல்லாம மாத்திரை போட்டுக் கரைக்கப் பாப்பாரு. சின்ன கல்லுக்கு மெல்லிசு ஸ்லைஸ்ல அளங்க. அப்போ நாய்ஸ் ஏறாதான்னா ஏறும்தான், ஆனா 900க்கு முன்னாடி ஒரு 20 எச்யு நாய்ஸ் பெரிய விஷயமே இல்ல.

ரெண்டாவது பீம் ஹார்டனிங். கேவிபிங்கறது எக்ஸ்ரே ட்யூபுக்குக் குடுக்கற உச்ச வோல்டேஜ். 120 கேவிபின்னா எல்லா ஃபோட்டானும் 120 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இல்ல, அது உச்ச வரம்பு, சராசரி அதுல பாதி பக்கம்தான். கெட்டியான எலும்புக்குள்ள போறப்போ குறைஞ்ச எனர்ஜி ஃபோட்டான் முதல்ல மாட்டிக்கும், தப்பிச்சு வர்றதோட சராசரி எனர்ஜி ஏறிடும், அது அடுத்து இருக்கறதைச் சுலபமா ஊடுருவிப் போகும், உடனே கம்ப்யூட்டர் அங்க அடர்த்தி கம்மி போலன்னு நினைச்சுக் கறுப்பாக் காட்டும். பிரெயின் கேஸ்ல ரெண்டு பெட்ரஸ் எலும்புக்கு நடுவுல, பான்ஸ் மேல குறுக்கால ஒரு கறுப்புப் பட்டை ஓடும் பாருங்க, இப்பவே போய்ப் பாருங்க. அதை பிரெயின்ஸ்டெம் இன்ஃபார்க்ட்னு எழுதாதீங்க. கிட்னிக்குள்ள ஒரு சென்டிமீட்டர் அளவு குட்டி சிஸ்ட், கான்ட்ராஸ்ட் குடுத்ததும் சுத்தி எல்லாம் பளபளன்னு ஆனதுல சிஸ்டுக்குள்ளயும் 10, 12 எச்யு ஏறின மாதிரி காட்டும், அதுவும் பாதி இதே கோளாறுதான், அதனாலதான் 20க்கு மேல ஏறினாதான் என்ஹான்ஸ்மென்ட்னு தைரியமா சொல்றோம்.

மூணாவது கேவிபி. தண்ணி எந்த கேவிபிலயும் 0தான், ஃபார்முலாவே அப்படி, ஆனா அயோடினோட கே எட்ஜ் (எக்ஸ்ரேயை உறிஞ்சறது திடீர்னு எகிறற எனர்ஜி) 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட், 80 கேவிபில ஸ்கேன் பண்ணினா சராசரி எனர்ஜி அந்த எட்ஜ் பக்கம் நெருங்கறதால கான்ட்ராஸ்ட் நல்லாவே ஏறும், கொழுப்பு இன்னும் மைனஸ்ல இறங்கும். போன மாசம் 120ல எடுத்ததையும் இன்னிக்கு 80ல எடுத்ததையும் ஒப்பிட்டு லீஷன்ல என்ஹான்ஸ்மென்ட் கூடிடுச்சுன்னு எழுதறதுக்கு முன்னாடி படத்து ஓரத்துல கேவிபி என்னன்னு ஒரு பார்வை பாருங்க.

மெட்டல், மூச்சு அசைவு, தலைக்கு மேல தூக்காத கை, இதெல்லாம் கண்ணுக்கே தெரியும், விட்டுடலாம்.

நம்பர் சரியா இருந்து நாம தப்பா படிக்கற கேஸும் உண்டு. புது ரத்தம் வெள்ளையா இருக்கறது இரும்புனாலன்னு பல பேர் நினைச்சுட்டு இருக்காங்க, முக்கியமா அது ஹீமோகுளோபின்ல இருக்கற குளோபின் புரோட்டீன்னாலதான். அப்போ ஹீமோகுளோபின் 7, 8ல இருக்கற அனீமியா பேஷன்ட்டுக்கு புது சப்ட்யூரல் மூளையோட அதே சாம்பல் கலர்ல வந்து நிக்கலாம், வெள்ளையா இல்லயேன்னு பழசுன்னு முடிவு பண்ணிடக் கூடாது. நம்ம ஊர்ல அனீமியாவுக்குப் பஞ்சமா என்ன. நேர்மாறா ஹெமடோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு) ஏறிப் போனவங்களுக்கு எல்லா வெசலும் அடர்த்தியாத் தெரியும், ஒரு பக்க எம்சிஏவை (மிடில் செரிப்ரல் ஆர்ட்டரி, மூளையோட ஒரு பெரிய ரத்தக்குழாய்) மட்டும் பாத்துட்டு க்ளாட்னு குதிக்காம எதிர்ப் பக்கத்தையும் அளந்து பாருங்க.

ஸ்டெப் 6: ஒரு அட்ரினலை எடுத்து எல்லாத்தையும் சேத்துப் போடுங்க

வேற எதுக்கோ எடுத்த சிடில அட்ரினல்ல 2 சென்டிமீட்டர் கட்டி. பிளெயின்ல 10 எச்யு அல்லது அதுக்குக் கீழன்னா கொழுப்புச் சத்துள்ள அடினோமா, ஏன்னா செல்லுக்குள்ள இருக்கற கொழுப்பு சராசரியக் கீழ இழுத்து விடுது. சொல்லப் போனா ஸ்டெப் 5ல திட்டின அதே பார்ஷியல் வால்யூம் இங்க நமக்கு வேலை செய்யுது.

மொதல்ல பிளெயின்தானான்னு உறுதி பண்ணுங்க, அயோர்ட்டால ஒரு வட்டம் போட்டா தெரிஞ்சுடும், 40 பக்கம்னா பிளெயின், 150ன்னா கான்ட்ராஸ்ட் உள்ள இருக்கு, அப்போ 10 விதிய மறந்துடுங்க. அடுத்து கேவிபி பாருங்க, இந்த கட்-ஆஃப் எல்லாம் 120 பழக்கத்துல வந்ததுங்க. சாஃப்ட் டிஷ்யூ கெர்னல்தானா? வட்டம் சுத்தி இருக்கற கொழுப்பைத் தொடாம இருக்கா? தொட்டுச்சுன்னா மெட்டாஸ்டாஸிஸ் கூட 10க்குக் கீழ இறங்கி அடினோமா வேஷம் போடும். மேல, கீழ ஸ்லைஸ்லயும் அளந்து பாருங்க. 9 வந்து டீவியேஷன் 6னா நிம்மதியா எழுதலாம். 9 வந்து டீவியேஷன் 25னா அதை வச்சு 9ஆ 13ஆன்னு யாரும் சண்டை போட முடியாது, கொஞ்சம் தடிமனா ரீகன் பண்ணித் தரச் சொல்லி டெக்னீஷியன்கிட்ட கேளுங்க, ரா டேட்டா மிஷின்ல கொஞ்ச நாள்தான் இருக்கும், அதனால அன்னிக்கே கேக்கணும்.

கான்ட்ராஸ்ட் ஸ்கேன் மட்டும்தான் இருக்குன்னா உடனே பேஷன்ட்டைத் திருப்பிக் கூப்பிட்டு இன்னொரு டோஸ் குடுக்க அவசரப்படாதீங்க, பாக்ஸ்ல அவரோட பழைய ஸ்டடி லிஸ்டை இறக்கிப் பாருங்க, எப்பவோ கல்லுக்காக எடுத்த பிளெயின் கேயுபி (கிட்னி, யூரேட்டர், பிளாடர்) சிடியோ, செஸ்ட் சிடியோட கடைசி ஸ்லைஸ்கள்லயோ அந்த அட்ரினல் ஒரு ஓரத்துல மாட்டியிருக்கும், அங்கயே வட்டம் போட்டுடலாம்.