நட்சத்திர வீரரை ஊரே வெறுக்கும்போது: அது நியாயமா என்று எடைபோடும் முறை

நான் பள்ளி அணி ஒன்றுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளில் சிலர் வரும்போதே ஒரு வெறுப்பையும் கொண்டுவருகிறார்கள். "லெப்ரான் ஜேம்ஸைப் பிடிக்காது சார், அவர் துரோகி." லெப்ரான், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கின் நட்சத்திர வீரர். அந்தத் துரோகம் நடந்ததாகச் சொல்லப்படும் 2010-இல் இவர்கள் பிறந்திருக்கவே இல்லை. அண்ணன்மாரிடமிருந்து வாங்கிய வெறுப்பு அது. ஒரு மனிதரைப் பற்றிக் கோடிப் பேர் சேர்ந்து கோபப்படும்போது, அந்தக் கோபத்தில் நாமும் சேர்வதா வேண்டாமா என்று யோசிக்கக் கற்றுக்கொள்வது, பந்தை இடது கையால் தட்டக் கற்பதைவிட முக்கியம் என்று நம்புகிறேன். அவர்களை உட்காரவைத்து நான் செய்யச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், குற்றச்சாட்டை ஒரு செயலாக எழுத வேண்டும். என்றைக்கு, என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன இழப்பு? "திமிர் பிடித்தவர்" என்பது செயல் அல்ல; அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "2010 ஜூலை 8 அன்று, கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் அணியை விட்டு மயாமி ஹீட் அணிக்குப் போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார்" என்பது செயல். இப்படி எழுத உட்கார்ந்தால் பாதிக் குற்றச்சாட்டுகள் தாளுக்கே வருவதில்லை. வராதவற்றை விட்டுவிடுங்கள்.

அடுத்து, எழுதிய செயலை இரண்டாகப் பிரியுங்கள்: அதைச் செய்ய அவருக்கு உரிமை இருந்ததா, செய்த விதம் சரியா. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. லெப்ரான் கிளீவ்லேண்டைத் தேர்ந்தெடுத்து வந்தவர் அல்லர். அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2003 டிராஃப்டில் முதல் ஆளாக அந்த அணிதான் அவரைத் தேர்ந்தெடுத்தது. பதினெட்டு வயதில் வேறு அணியைக் கேட்க அவருக்கு வழியில்லை. ஏழு பருவங்கள் ஆடினார், ஒப்பந்தம் முடிந்தது, போனார். மயாமியில் தனக்குக் கிடைக்கக்கூடிய உச்ச ஊதியத்தைவிடக் குறைவாகவே ஒப்புக்கொண்டார். உரிமை என்ற கணக்கில் அவர்மேல் எழுத ஒன்றுமே இல்லை.

விதம் என்ற கணக்கில் எழுத நிறைய இருக்கிறது. ஒரு வேலை மாற்றத்தைச் சொல்ல 75 நிமிட நேரடி ஒளிபரப்பு. தன்னை வளர்த்த ஊர் தொலைக்காட்சி முன்னால் காத்திருந்து, மற்றவர்களோடு சேர்ந்து அதைக் கேட்டது. மறுநாள் மயாமியில் மேடை போட்டு, இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், எத்தனை பட்டங்கள் வெல்வோம் என்று எண்ணிக்காட்டினார்கள். விளம்பர வருவாய் சிறுவர் மன்றங்களுக்குப் போனது உண்மை. அது நல்ல காரியம். ஆனாலும் கிளீவ்லேண்ட் ரசிகர்களை அவமானப்படுத்தியது அந்த நிகழ்ச்சிதான். அதைக் கண்டித்தவர்கள் நியாயமாகவே கண்டித்தார்கள். கோபத்தில் அவருடைய ஜெர்சியை எரித்தவர்கள், கண்டிக்க வேண்டிய விதத்துக்கும் சேர்த்து, கண்டிக்க இடமில்லாத உரிமையைத் தண்டித்தார்கள்.

மூன்றாவதாக, அதே செயலை ஓர் அணி நிர்வாகம் செய்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் பிள்ளைகள் அமைதியாகிவிடுவது இந்தக் கேள்வியில்தான். ஐசையா தாமஸ் 2017-இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்காக இடுப்புக் காயத்தோடு ஆடினார். தங்கை கார் விபத்தில் இறந்த மறுநாளே, பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டத்தில் இறங்கினார். அந்த ஆகஸ்டில் அணி அவரை வேறு அணிக்கு மாற்றியது. டெமார் டிரோசன் டொராண்டோவில் ஒன்பது பருவங்கள் ஆடியவர், அந்த ஊரை நேசித்தவர். 2018 ஜூலையில் சான் அன்டோனியோவுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே டொராண்டோ பட்டம் வென்றது. அந்த மாற்றம் புத்திசாலித்தனமான முடிவாகப் பாராட்டப்பட்டது. நிர்வாகம் விலக்கினால் வணிகம், வீரர் விலகினால் துரோகம் என்றால், அந்த அளவுகோலை நான் ஏற்கமாட்டேன்.

கெவின் டுரான்ட் விஷயத்தில் இன்னொரு கேள்வியும் தேவை: கோபம் சரியான முகவரிக்குத்தான் போகிறதா? 2016-இல் தன் ஓக்லஹோமா அணியைத் தோற்கடித்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிலேயே போய்ச் சேர்ந்தார். ஒரே பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்ற அணி அது. போட்டியின் சுவையே போய்விட்டது என்ற ரசிகர்களின் வருத்தம் எனக்கும் இருந்தது. ஆனால் அப்படி ஓர் அணிக்கு அவரை வாங்க இடம் எப்படி வந்தது? புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்தால், ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய ஊதியத்தின் உச்சவரம்பு ஒரே ஆண்டில் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடி டாலருக்கு மேல் எகிறியது. அதைப் படிப்படியாக உயர்த்தலாம் என்று லீக் சொன்னது, வீரர்கள் சங்கம் மறுத்துவிட்டது. கதவைத் திறந்துவைத்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, உள்ளே நுழைந்த ஒருவரை மட்டும் ஆண்டுக்கணக்கில் திட்டுவது குறி தவறிய கோபம்.

வெறுப்போடு வேறு எது கலந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பாஸ்டனுக்குப் பதினொரு பட்டங்கள் வென்று தந்த கறுப்பின வீரர் பில் ரசலின் வீட்டுக்குள் புகுந்து, சுவரில் இனவெறிச் சொற்களை எழுதினார்கள். 2017 இறுதிச் சுற்று தொடங்குவதற்கு முந்தைய நாள் லெப்ரானின் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு வாயிற்கதவிலும் அப்படியொரு சொல் எழுதப்பட்டிருந்தது. அரங்கில் கூச்சலிடலாம், அது ஆட்டத்தின் ஒரு பகுதி. வீடு, குடும்பம், நிறம் என்று வந்துவிட்டால் அங்கே எடைபோட ஒன்றுமில்லை. பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவையும் சொன்னால், வீரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. 2019-இல் ஹாங்காங் போராட்டக்காரர்களை ஆதரித்து ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளர் டேரில் மோரி எழுதியபோது, அவர் விஷயம் தெரியாமல் பேசிவிட்டார் என்ற பொருளில் லெப்ரான் கருத்துச் சொன்னார். சீனச் சந்தையில் லீக்குக்கும் அவருக்கும் பெரும் வருவாய் இருந்த நேரம் அது. 2022-இல் கைரி இர்விங் என்ற வீரர், யூத வெறுப்புக் கருத்துகள் கொண்ட ஒரு படத்தின் இணைப்பைப் பகிர்ந்து, உடனே மன்னிப்புக் கேட்க மறுத்தார். அவருடைய அணி அவரை இடைநீக்கம் செய்தது. இவற்றில் காயப்பட்டவர்கள் ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் மனிதர்கள். அணி மாறியதைவிட இவை பல மடங்கு கனமானவை. இங்கே கண்டனம் நியாயம் என்று தயங்காமல் சொல்லிக்கொடுக்கிறேன்.

கடைசியாக, தண்டனைக்கு ஒரு காலக்கெடு வேண்டும். 2004 டிசம்பரில் டொராண்டோவை விட்டுப் போன வின்ஸ் கார்ட்டரை அந்த ஊர் ஆண்டுகள் பலவாக ஏசியது. 2014 நவம்பரில் அரங்கத் திரையில் அவருக்கு நன்றிக் காணொளி ஓடியபோது அவர் அழுதார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இடையில் அவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. லெப்ரானின் கதை வேறு மாதிரி: 2014-இல் திரும்பி வந்தார், 2016-இல் ஏழு ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றில் 3-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து பட்டம் வென்று கொடுத்தார், கிளீவ்லேண்ட் 52 ஆண்டுகளாகக் காத்திருந்த பட்டம். ஊர் மன்னித்தது. ஆனால் இதை நியாயத்துக்குச் சான்றாகப் பிள்ளைகள் காட்டும்போது நான் ஏற்பதில்லை. 2016 தோல்வியில் முடிந்திருந்தாலும் 2010-இல் அவருக்கு இருந்த உரிமை அதே உரிமைதான், அந்த ஒளிபரப்பும் அதே தவறுதான்.

எல்லாம் முடிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், பிடிக்காமலே இருக்கலாம். பிடிக்காததற்குக் காரணம் தேவையில்லை. பழி சொல்வதற்குத்தான் தேவை. என் அணியில் ஒரு மாணவி, லேசாகத் தொட்டாலே ஃபவுல் கேட்டு விழுகிறார் என்பதற்காக மட்டும் லெப்ரானை ஒதுக்கிவைத்திருக்கிறாள். 2013 பிளேஆஃபில் அப்படி விழுந்ததற்காக லீக் அவருக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. செயல் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவான தண்டனையும் இருக்கிறது. அவளோடு எனக்கு வாதமே இல்லை.