கடைக்குப் போகுமுன் போனைத் தேர்வு செய்வோம்: மலையகத்துக்கு ஒரு செய்முறை

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுனுக்குப் போனாலும் போன் கடையில் நிற்க இடம் இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மாவும் மகளும் நிற்பார்கள். மகளுக்கு ஓ.எல். பரீட்சை வருகிறது, டீச்சர் பாடக்குறிப்பை வாட்ஸ்அப்பில்தான் போடுகிறார். கடைக்காரர் நாலைந்து போனை வரிசையாக எடுத்து வைத்து, கெமரா ஐம்பது, ராம் பதினாறு என்று அடுக்குவார். கால் மணி நேரத்துக்குள் ஒரு மாதச் சம்பளம் கைமாறிவிடும்.

ஒரு மாத உழைப்பை அந்த அவசரத்தில் கொடுத்துவிட வேண்டாம். எந்தப் போன் என்பதை வீட்டில் இருந்தே முடிவு செய்துவிட்டு, வாங்குவதற்கு மட்டும் கடைக்குப் போங்கள். இதுவரை ஸ்மார்ட்போனே வாங்காதவர்களையும் மனதில் வைத்துப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: விலையைப் பேரில் எண்ணுங்கள்

2024 செப்டம்பரில் வந்த வர்த்தமானிப்படி தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் 35,000 ரூபாய் போன் என்றால் 26 பேர், அதாவது 26 நாள் வேலை. உங்கள் சம்பளச் சீட்டில் இன்று என்ன தொகை இருக்கிறதோ அதால் வகுத்துப் பாருங்கள். விலையைப் பேராக மாற்றி வைத்திருந்தால், "இன்னும் ஐயாயிரம் போட்டால் இதைவிட நல்ல போன் எடுக்கலாம்" என்று கடையில் சொல்லும்போது, அந்த ஐயாயிரம் கிட்டத்தட்ட நாலு நாள் கொழுந்து என்பது உடனே மனதில் படும். அது தகுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இருக்கிற பணம் முழுவதையும் போனுக்கே போட்டுவிடாதீர்கள். கவர், திரைக்கு ஒட்டும் கண்ணாடி, முதல் மாத டேட்டா எல்லாம் இருக்கிறது. சில கம்பனிகளின் பெட்டியில் இப்போது சார்ஜர் வருவதில்லை, வயர் மட்டும்தான். கையில் 35,000 இருந்தால் போனுக்கு 31,000 அல்லது 32,000 என்று வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: காம்பராவில் (வீட்டு அறையில்) எந்த சிம் எடுக்கிறது என்று பாருங்கள்

மலையகத்தில் போன் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கொழும்பில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. நமக்கோ ஒரு லயத்தில், அதாவது ஒரு தோட்ட வீட்டு வரிசையில், நாலு கோடு காட்டும் சிம், இரண்டு வளைவு தள்ளி இருக்கும் லயத்தில் செத்துப்போகும். டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முகடு நின்றால் அவ்வளவுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் அந்த முகட்டை நகர்த்தாது.

டயலொக், மொபிடெல், ஹட்ச் சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தவர்களிடம் பேசுங்கள். அவர்களை ஒருநாள் மாலை ஏழு, எட்டு மணிக்கு, எல்லோரும் டேட்டா பாவிக்கும் நேரத்தில், உங்கள் காம்பராவுக்குள் வரச் சொல்லுங்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்று பார்த்தால் போதாது. பிள்ளை உட்கார்ந்து படிக்கும் இடத்தில் பார்க்க வேண்டும். ஒரே வீடியோவை மூன்று போனிலும் போட்டுப் பாருங்கள்.

இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய், சிம் நிலை என்பதைத் திறந்தால் சிக்னல் பலம் ஓர் எண்ணாக இருக்கும். அது எப்போதும் மைனஸ் எண்தான். மைனஸ் 90 அல்லது அதைவிடச் சிறிய இலக்கம், உதாரணமாக மைனஸ் 80, என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110ஐத் தாண்டினால் வீடியோ நிற்கும், குரல் உடையும். கோடுகளை ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். எண்ணையே நம்புங்கள்.

சிக்னல் மோசமான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடிக் கூடுதல் சக்தியோடு அலையை அனுப்பும். அதனால் பேட்டரியும் வேகமாக இறங்கும். டவுனில் இரண்டு நாள் நிற்கும் போன் பள்ளத்து லயத்தில் ஒரு நாளோடு முடிந்துபோவதற்கு இது ஒரு பெரிய காரணம். போன் பழுது என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு சிம்மும் வேலை செய்யும் மலையில் இன்னொரு சிம்மும் எடுக்கிறது என்றால் இரண்டு சிம் போன் அவசியம். ஆனால் சிம் தட்டை இழுத்துப் பார்த்து வாங்குங்கள். சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான். ஒன்றைப் போட்டால் மற்றதற்கு இடமில்லை. மூன்று தனித்தனிக் குழி உள்ளதாகப் பாருங்கள்.

5ஜி என்பதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம் என்பது என் முடிவு. தோட்டத்தில் 4ஜி நிலையாக நின்றாலே பிள்ளையின் படிப்புக்குப் போதும். அதைவிட, 4ஜியிலேயே குரல் அழைப்பு போகும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். "வோல்ட்டி" என்றால் கடைக்காரருக்குப் புரியும்.

படி 3: யாருக்கு, என்ன வேலைக்கு

ஒரு தாளில் எழுதுங்கள். மகளுக்குப் பாடம், கடந்தகால வினாத்தாள், ஈ-தக்சலாவ பாட இணையத்தளம், சூம் வகுப்பு. அம்மாவுக்குக் கொழும்பில் வேலை செய்யும் மகனோடு வீடியோ அழைப்பு. அப்பாவுக்குச் செய்தியும் பாட்டும். இவற்றில் எதற்கும் 108 மெகாபிக்சல் கெமரா தேவையில்லை. எல்லாவற்றுக்கும் ராம், பேட்டரி, சத்தமான ஸ்பீக்கர் மூன்றும் தேவை. பணம் அந்த மூன்றுக்கும் போகட்டும்.

படி 4: பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ராம் என்பது போன் ஒரே நேரத்தில் எத்தனை வேலையைத் தாங்கும் என்பதைச் சொல்வது. குறைந்தது 4 ஜிபி இருக்க வேண்டும். 2 ஜிபி போனில் சூம் ஓடும்போது வாட்ஸ்அப்பைத் திறந்தால் வகுப்பு அறுந்துபோகும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, இதுல ராம் எவ்வளவு?"

"எட்டு ஜிபி தங்கச்சி."

"நாலும் நாலுமா, இல்ல முழுசா எட்டா?"

அந்த இரண்டாவது கேள்வியை மறக்காமல் கேளுங்கள். பெட்டியில் பெரிதாக 8 என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 4+4 என்று இருக்கும். பின்னால் வரும் நாலு, போனின் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ராமின் வேகம் அதற்கு வராது. உங்கள் கணக்கில் அது 4 ஜிபி போன். 4 ஜிபி போனுக்கான விலையையே கொடுங்கள்.

சேமிப்பிடம் 64 ஜிபிக்குக் குறைய வேண்டாம், முடிந்தால் 128. ஆண்ட்ராய்டே அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். மீதியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் வீடியோக்கள் ஒரு வருடத்தில் நிரப்பிவிடும்.

பேட்டரி 5000 எம்ஏஎச் (அது கொள்ளும் மின்சாரத்தின் அளவு) என்பது இந்த விலையில் இப்போது சாதாரணம். ஆனால் சார்ஜ் ஏறும் வேகத்தைப் பாருங்கள். 10 வாட் என்றால் முழுதாக ஏற மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும். கரண்ட் அடிக்கடி போகும் தோட்டத்தில் 18 வாட் அல்லது அதற்கு மேல் உள்ள போன் பெரிய உதவி. இன்னொன்று: நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைக் குளிரில் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அது குளிரின் குணம். வெயில் ஏறினால் சரியாகிவிடும். இடி மின்னல் நேரத்தில் சார்ஜரை மட்டும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மழையும் பனியும் நிறைந்த இடத்தில் இருக்கிறோம். ஐபி54, ஐபி64 என்று போட்டிருந்தால் சாரலையும் தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று பொருள். பீலித் தண்ணீரில் விழுந்தால் அதுவும் தாங்காது. விலை ஒன்றாக இருந்தால் இந்த எண் உள்ளதை எடுங்கள்.

கடைசியாக அப்டேட். எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பது போனுக்குப் போன் மாறும். 2024இல் வந்த சாம்சங் ஏ16க்கு ஆறு வருடம் தருவதாகக் கம்பனி அறிவித்தது. ஆக மலிவான பல போன்களுக்கு இரண்டு வருடம்தான். வங்கி ஆப் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

படி 5: 1909க்கு ஒரு மெசேஜ்

பிடித்த போனைக் கையில் வாங்கி, அழைப்புப் பகுதியில் *#06# என்று அடியுங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். அதுதான் ஐ.எம்.ஈ.ஐ., ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றா என்று இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். பிறகு உங்கள் பழைய போனில் புது மெசேஜ் திறந்து, ஆங்கில எழுத்தில் ஐ, எம், ஈ, ஐ என்ற நாலையும் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் அடித்து 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும்.

இதை விட்டுவிடக் கூடாது. பதிவில்லாத கருவிகளைப் புதிதாக இலங்கை வலையமைப்பில் இணைக்க முடியாது என்று 2025 ஜனவரியில் ஆணைக்குழு அறிவித்தது. "அதெல்லாம் பிரச்சினை வராது" என்று யார் சொன்னாலும், பதில் வரும்வரை பணத்தை எடுக்க வேண்டாம். பதில் வர இரண்டு நிமிடம் பிந்தினால் அந்த இரண்டு நிமிடமும் நில்லுங்கள். உங்கள் பணம், உங்கள் உரிமை.

படி 6: பழைய போன் என்றால்

பழைய போன் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. 30,000 ரூபாயில் ஒரு மட்டமான புதுப் போனைவிட, நன்றாக வைத்திருந்த ஒரு நல்ல பழைய போன் மேல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கை நிதானமாக இருக்க வேண்டும்.

போனை மேசையில் மல்லாக்க வைத்து விரலால் அழுத்துங்கள். கெமரா மேட்டினால் அல்லாமல் வேறு விதமாக ஆடினால் பின்பக்கம் புடைத்து, பேட்டரி வீங்கியிருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். சிம் தட்டை இழுத்து, குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பல போன்களில் உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஒட்டு இருக்கும். அது சிவந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. முகப்பில் உள்ள ஏதாவது ஓர் ஐகானை விரலால் பிடித்துத் திரை முழுக்க இழுங்கள். ஓரிடத்தில் கைவிட்டுப் போனால் அந்த இடத்தில் டச் வேலை செய்யாது. உங்கள் சிம்மைப் போட்டு வீட்டுக்கு அழைத்து ஒரு நிமிடம் பேசுங்கள். சார்ஜரில் போட்டு ஏறுகிறதா என்று பாருங்கள்.

பிறகு விற்பவரிடமே, உங்கள் கண் முன்னால், அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் சொல்லி, போனை முழுதாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். திரும்ப எழும்பும்போது பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்டால், அந்தப் போன் பூட்டிக் கிடக்கிறது. எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

ஐபோன் ஆசையில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ஐபோன் 6 மலிவாகக் கிடைக்கும். ஆனால் 2025 மே மாதத்திலிருந்து அதில் வாட்ஸ்அப் வேலை செய்யாது. ஆண்ட்ராய்டிலும் 5க்குக் கீழ்ப்பட்ட பதிப்புகளுக்கு 2025 ஜனவரியோடு வாட்ஸ்அப் நின்றுவிட்டது.

படி 7: தவணையும் பில்லும்

தவணைக்கு எடுப்பதென்றால் மாதத் தொகையைப் பார்க்காமல் மொத்தத்தைக் கூட்டுங்கள். ரொக்க விலை 38,000 என்று வைப்போம். முதலில் 10,000, பிறகு மாதம் 3500 வீதம் 12 மாதம் என்றால் கட்டுவது 52,000. கூடப் போகும் 14,000 என்பது 1350 கணக்கில் பத்துப் பேருக்கு மேல். மூன்று, நாலு மாதம் சீட்டுப் போட்டுச் சேர்க்க முடிந்தால் அதுவே நல்லது. பிள்ளையின் பரீட்சை நெருங்கிவிட்டது, காத்திருக்க முடியாது என்றால் குறுகிய காலத் தவணையாக எடுங்கள்.

பில்லில் திகதி, போனின் மாதிரிப் பெயர், ஐ.எம்.ஈ.ஐ. எண், கடை முத்திரை, வாரண்டி எத்தனை மாதம் என்பது எல்லாம் இருக்க வேண்டும். வாரண்டி கம்பனியுடையதா, கடையுடையதா என்றும் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுத்தாலோ வாரண்டியில் தட்டிக்கழித்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

எழுதப் பழக்கமில்லாத அம்மாவுக்கு ஜிபோர்டில் (கூகுளின் விசைப்பலகை) தமிழைச் சேர்த்துவிடுங்கள். குரல் தட்டச்சில் தமிழ் (இலங்கை) என்று தனியாகவே இருக்கிறது. மைக்கை அழுத்தி, மகனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். ரீலோட் போட்ட காசு நாலு நாள் கூட நிற்கும்.

கூகுள் கணக்கைக் கடையில் திறந்து கொடுக்க விடாதீர்கள். வீட்டில் மகளோ மகனோ உங்கள் சொந்த நம்பரில் திறக்கட்டும். அந்தக் கணக்கின் முகவரியையும் பாஸ்வேர்டையும், 15 இலக்க எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பையில் வையுங்கள். எப்போதாவது போனை ரீசெட் செய்ய வேண்டி வந்தால் அந்தப் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். போன் காணாமல் போனால் பொலிஸில் முறையிட அந்த 15 இலக்கம் தேவைப்படும்.