சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரு பெடியன். அவனோடு ஓநாய்கள். கறுப்பு வெள்ளைப் படம். தமிழில்தான் கதைச்சவை. கடைசியில் அவன் தனியக் காட்டுக்குள்ள போயிடுவான்."

கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தேடிய கார்ட்டூனின் விவரம் இவ்வளவுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பலரிடம் இப்படியொரு விவரம் இருக்கும். தேடிக் களைத்துப்போய், அப்படியொன்று இருக்கவே இல்லையோ என்று நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். கார்ட்டூன் பெரும்பாலும் இருக்கிறது. அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த விதத்தில் ஏற்பட்ட மாற்றங்களையெல்லாம் கார்ட்டூனின் குணமாக நினைத்துக்கொண்டு தேடுவதுதான் முதல் தவறு.

நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு பல வருடங்களுக்கு ரிவி பார்ப்பது என்றால் கார் பற்றரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. இல்லையென்றால் வாடகைக்கு எடுத்துவந்த வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும். சின்னப் பெட்டியில் பார்த்த எல்லாமே கறுப்பு வெள்ளைதான். கலர் ரிவி இருந்த வீட்டிலும் நிறம் நிச்சயமில்லை. உயரமாக அன்ரெனா கட்டித் தூரதர்ஷன் பிடித்த காலத்தில், சிக்னல் பலவீனமானால் பெட்டி தானாகவே நிறத்தை நிறுத்திவிடும். அதற்கென்றே கலர் ரிவிக்குள் ஒரு மின்சுற்று இருக்கும். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த வீடியோக் கொப்பி என்றால் இன்னொரு சிக்கல். அங்கே பதிவு செய்யும் முறை என்.ரி.எஸ்.சி., இங்கே பி.ஏ.எல். இரண்டு முறைக்கும் பொருந்தும் பெட்டி இல்லாவிட்டால் படம் நிறமில்லாமல் வரும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும். ஆகவே "கறுப்பு வெள்ளை, அப்படியென்றால் 1950 க்கு முந்தியது" என்று முடிவு கட்டிவிட்டு மிகப் பழைய கார்ட்டூன்களுக்குள் தேடாதீர்கள். அது நீங்கள் பார்த்ததற்கு முந்தைய வருடம் எடுத்ததாகவும் இருக்கலாம்.

முடிவும் இதே மாதிரித்தான். பற்றரி இறங்கிய இடம், மண்ணெண்ணெய் தீர்ந்த இடம், அம்மா படுக்கச் சொன்ன இடம், இவையெல்லாம் காலப்போக்கில் கதையின் முடிவாகிவிடும். சோகமாக முடிந்தது என்று நினைவிருந்தால் அந்தத் தகவலைத் தேடலில் போடாமல் ஒரு பக்கம் குறித்து வையுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்துக் கொப்பிகளில் நாலைந்து கார்ட்டூனை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்திருப்பார்கள். தலைப்பு வரும் பகுதி வெட்டுப்பட்டிருக்கும். இரண்டு கதைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டால், அப்படியொரு கதை எங்கேயும் கிடைக்காது. விவரத்தை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். பல பேருக்கு இந்த ஒரு வேலையிலேயே விடை கிடைத்திருக்கிறது.

அடுத்தது மொழி. "தமிழில் பார்த்தேன்" என்று எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் சந்தேகப்படுங்கள். தூரதர்ஷனில் ஞாயிறு காலை வந்தவை பல இந்தியில் இருந்தன. இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 இல் தொடங்கியபின் இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் கொடுக்க வைத்து ஒளிபரப்பிய கார்ட்டூன்கள் நாடு முழுக்கப் பிரபலம்; பக்ஸ் பனி முயல்கூட அங்கே சிங்களப் பெயரோடுதான் வந்தது. எங்களில் பலருக்கு அந்த இரண்டு மொழியும் விளங்காது. பக்கத்தில் இருந்த அண்ணாவோ மாமாவோதான் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பார். பத்து வருடம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது கார்ட்டூனே தமிழில் கதைத்த மாதிரி இருக்கும். பாத்திரங்களின் பெயர்களும் அண்ணா வைத்த பெயர்களாக இருக்கலாம். அவற்றைத் தேடுபொறியில் போட்டு ஒரு பயனும் இல்லை.

2007 க்குப் பிறகு தமிழ்ச் சிறுவர் சேனலான சுட்டி ரிவி பார்த்து வளர்ந்தவர்களுடைய விஷயம் வேறு. அவர்கள் உண்மையிலேயே தமிழில்தான் பார்த்தார்கள். ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழ்க் குரலோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பார்கள். அவர்கள் செய்யும் தவறு, தமிழ்ப் பதிப்பைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பது. முதலில் மூலத்தின் பெயரைப் பிடியுங்கள். தமிழ்ப் பதிப்பு கிடைப்பது அதற்குப் பிறகான காரியம்.

இப்போது கொக்குவில் அக்காவின் கார்ட்டூனுக்கு வருவோம். ஓநாய்களோடு வாழும் பெடியன் என்றதும் எல்லோரும் சொல்வது டிஸ்னியின் 1967 ஆம் ஆண்டுப் படமான "ஜங்கிள் புக்". அவரும் அதைப் பார்த்துவிட்டு, "இது இல்லை" என்று விட்டுவிட்டார். அந்தப் பெடியன் மௌக்லியின் கதையை ஒருவர் மட்டும் கார்ட்டூனாக்கவில்லை. சோவியத் ஒன்றியத்தில் 1967 முதல் 1971 வரை ஐந்து பாகமாக எடுத்தார்கள். அதில் கருஞ்சிறுத்தை பகீரா பெண். அமெரிக்காவில் 1976 இல் சக் ஜோன்ஸ் ஒரு குறும்படம் செய்தார். ஜப்பானில் நிப்பொன் அனிமேஷன் 1989 இல் 52 பகுதிகள் கொண்ட தொடரைத் தொடங்கியது; அதை இந்தியில் மாற்றித் தூரதர்ஷன் 1993 இல் ஒளிபரப்பியது. ஆங்கிலேயர் எழுதிய இந்தியக் காட்டுக் கதை, ஜப்பானில் கார்ட்டூனாகி, இந்தியில் பேசி, பாக்கு நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் ஒரு பற்றரிப் பெட்டிக்குள் வந்திருக்கிறது. கதை நடக்கும் நாட்டை வைத்துக் கார்ட்டூன் எடுத்த நாட்டை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. அல்ப்ஸ் மலையில் நடக்கும் ஹைடி தொடரும் 1974 இல் ஜப்பானில் செய்ததுதான்.

அக்காவுக்கு விடை தந்தது அவர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். "வளைஞ்ச தடி மாதிரி ஒண்டை எறிவான், அது திரும்பி வரும். ஆனா அது வேற கதையா இருக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டன்" என்றார். அந்த ஜப்பானியத் தொடரின் மௌக்லி பூமராங் வைத்திருப்பான். மேலே சொன்ன மற்ற மௌக்லிகளிடம் அது இல்லை. அவர் நினைத்த முடிவு உண்மையில் ஏதோ ஒரு பகுதியின் நடு.

நான் அதிகம் காணும் தவறு இதுதான். பொருந்தவில்லை, வினோதமாக இருக்கிறது என்று நினைத்துச் சின்ன விவரத்தைக் கழித்துவிடுகிறார்கள். கதைச்சுருக்கத்தை மட்டும் சொல்கிறார்கள். தாயைத் தேடும் குட்டி, வீட்டை விட்டு ஓடும் பிள்ளை, இவை நூறு கார்ட்டூனில் உண்டு. ஒரு விசித்திரமான தொப்பி, கதவின் வடிவம், ஒருவர் சிரிக்கும் சத்தம், இவைதான் நூறை ஒன்றாக்கும். "ரொம் அன் ஜெரி மாதிரி, ஆனால் பயமாக இருந்தது, சத்தமெல்லாம் எதிரொலித்தது" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையிலேயே ரொம் அன் ஜெரியாகவே இருக்கலாம். 1961, 1962 இல் இயக்குநர் ஜீன் டீச் அதில் 13 குறும்படங்களைப் பிராக் நகரில் செய்தார். இசையும் அசைவும் வேறுவிதமாக இருப்பதால் பிள்ளைகளுக்கு அவை வேறு கார்ட்டூன் போலவே பதிந்திருக்கும்.

கார்ட்டூன் என்றே தேடுவதும் சில நேரம் வழியை அடைத்துவிடும். சுவிற்சர்லாந்தில் உருவாகி 1990 இல் வந்த பிங்கு களிமண் பொம்மைகளால் செய்தது. அதில் பேசுவது எந்த மொழியும் இல்லை. ஆகவே பார்த்த ஒவ்வொருவருக்கும் தன் மொழியில் பார்த்ததாக நினைவு இருக்கும். இன்னும் சிலர் தேடுவது ரிவியில் வந்ததே இல்லை. முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ், சோவியத்திலிருந்து வந்த படக்கதைப் புத்தகங்கள், இவற்றின் படங்களும் நினைவில் அசையத் தொடங்கிவிடும். பார்த்ததில் ஒரு சத்தமாவது நினைவிருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் புத்தக அலுமாரிப் பக்கமும் ஒருமுறை போய் வாருங்கள்.

சரி, ஆட்களிடம் கேட்பது எப்படி? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான் முதல் ஆளாக ஒன்றைச் சொல்வார். பிறகு பரிஸில் இருக்கும் சித்தியும் லண்டனில் இருக்கும் அண்ணாவும் அதையே நினைவுபடுத்திக்கொள்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. எலிசபெத் லொஃப்டஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டிஸ்னிலாந்தில் பக்ஸ் பனியைச் சந்திப்பது போன்ற போலி விளம்பரத்தைச் சிலருக்குக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஒரு பகுதியினர், தாங்களும் சின்ன வயதில் அங்கே பக்ஸ் பனியைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்த முயல் வார்னர் பிரதர்ஸுக்குச் சொந்தமானது. டிஸ்னிலாந்தில் அது நிற்கவே வழியில்லை.

ஆகவே ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேளுங்கள். கேள்விக்குள் விடையை வைக்காதீர்கள். "அண்ணா, சிவப்புத் தொப்பி போட்ட பெடியன் வருவானே, அதுதானே?" என்றால் அவர் ஓம் என்றுதான் சொல்வார். "அண்ணா, மாமா வீட்டில நாங்கள் பார்த்த கார்ட்டூனுகளில உங்களுக்கு என்ன நினைவிருக்கு, சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

உங்கள் நினைவையும் இதே மாதிரிக் காக்க வேண்டும். தேடத் தொடங்கமுன் நினைவிருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எது நிச்சயம், எது ஊகம் என்று பக்கத்தில் குறியுங்கள். யூடியூப்பில் நாலு காணொளி பார்த்துவிட்டால், எது பழைய நினைவு, எது இன்று பார்த்தது என்று பிரிக்க முடியாது.

வருடத்தை வயதால் கணக்கிடுவதைவிட நடந்தவற்றோடு கட்டுவது நல்லது. மின்சாரம் நிற்கமுன் பார்த்ததா? 1995 இடப்பெயர்வுக்கு முன்னா பின்னா? 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் கொழும்பிலிருந்து வந்த சீடியா? அதில் கிடைப்பது நீங்கள் பார்த்த வருடம் மட்டுமே. கார்ட்டூன் அதற்கு முப்பது வருடம் முந்தியதாக இருக்கலாம். பழைய பத்திரிகைகளில் ரிவி நிகழ்ச்சி நிரல் அச்சாகியிருந்தால் அது நல்ல சான்று. 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தில் எங்கள் ஊர்ப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பதில் பிழையில்லை. அவை சொல்லும் பெயரை அப்படியே நம்புவதுதான் பிழை. நீங்கள் சொன்ன ஒவ்வொரு விவரமும் பொருந்துகிறது என்று உறுதியாகச் சொல்லும். தேடிப் பார்த்தால் அப்படியொரு கார்ட்டூனே இருக்காது, அல்லது அதில் அந்தக் காட்சி இருக்காது. பெயரை எடுத்துக்கொண்டு காணொளியையும் பகுதிகளின் பட்டியலையும் நீங்களே பாருங்கள்.

கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றும்போது, தாளில் எழுதிய வினோத விவரங்களில் ஒன்றிரண்டாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். குரலோ பாட்டோ கொஞ்சம் கனமாகக் கேட்டால் அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். செக்கனுக்கு 24 சட்டகத்தில் எடுத்த படம் பி.ஏ.எல். முறையில் 25 ஆக ஓடும். ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடுவதால் 75 நிமிடப் படம் 72 நிமிடத்தில் முடியும், குரலும் சற்றுக் கீச்சென்று ஏறும். இன்று இணையத்தில் கிடைக்கும் பிரதி சரியான வேகத்தில் ஓடுவதாக இருக்கலாம். ஓவியமும் அந்தச் சின்ன விவரமும் பொருந்தினால் அதுதான் உங்களுடைய கார்ட்டூன்.